வல்லத்தில் சரிக்குச் சரி ஓர் ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி சுமாருக்குத் திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினேன். சிங்கப்பெருமாள் கோயில் வரை எழுபது கிலோமீட்டர் சொச்சம். பைக்குள் சுருட்டிய காக்கித் துணி ஒன்று, பட்டன் டப்பா இரண்டு, புளியோதரைப் பொட்டலம். தையல்காரி ஊருக்குப் போகும்போது பட்டனை எதற்குச் சுமக்கிறாள் என்று கேட்பீர்கள். விளையாடப் போகிறேன். நாற்பத்தேழு வயதில் விளையாடுவதற்காக ரயிலேறுகிற மனைவியை என் வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். ஆனாலும் ஸ்டேஷன் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

விளையாட்டின் பெயர் கோ. சீனா, ஜப்பான், கொரியா பக்கத்து ஆட்டம். கோடுகள் குறுக்கும் நெடுக்கும் சந்திக்கிற புள்ளிகளில் ஒருவர் கறுப்புக் காயும் மற்றவர் வெள்ளைக் காயும் மாறி மாறி வைக்க வேண்டும். அதிக இடத்தை வளைத்துப் போட்டவர் ஜெயித்தவர். எதிராளியின் காயைச் சுற்றி அடைத்துவிட்டால் அதைத் தூக்கிவிடலாம். என் மகள் போனில் ஏற்றிவிட்டு மறந்துபோனதை நான் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் ஆடியும் சுமார்தான். கொக்கி தைக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஆடுகிறவளுக்கு இது போதும்.

அந்தப் போனுக்குள்தான் இசக்கி கிடைத்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வல்லம் வடகாலில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, கம்பெனி ஹாஸ்டலில் வாசம். டீ பிரேக்கில் அவள் ஒரு காய் வைப்பாள். ரவிக்கைக்குக் கை வெட்டிவிட்டு நான் ஒன்று வைப்பேன். நான் கொஞ்சம் கைதேர்ந்தவள் என்பதால் ஆட்டம் தொடங்கும்போதே அவளுக்கு இரண்டு காய் கூடுதலாகக் கொடுத்துவிடுவேன். வலுவானவர் மற்றவருக்கு அப்படிக் கொடுத்து ஆடுவது இதில் வழக்கம்.

போன வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, கான்ட்ராக்ட் முடிஞ்சிட்டு. ஓசூர் கம்பெனிக்குப் போறேன். அதுக்கு முன்ன ஒரு தடவ நேர்ல, ரெண்டு காய் வாங்காம ஆடணும். ஜெயிச்சா இந்த ஆட்டமும் என்கூட ஓசூர் வரும். தோத்தா போன்ல இருந்து எடுத்துருவேன். எத்தன நாளைக்கு இரவல் காய்ல ஆட?"

சொன்னால் செய்கிற பெண். மதியத்தில் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது போன் டிங் என்றால் அது இசக்கி. அந்தச் சத்தம் இல்லாத மதியத்தை நினைத்தே பார்க்க முடியவில்லை. பேசாமல் விட்டுக்கொடுத்துத் தோற்றுவிடலாமா என்றும் யோசித்தேன். கண்டுபிடித்துவிடுவாள், அப்புறம் முகத்தில் விழிக்க முடியாது. ஒழுங்காகவே ஆடுவது என்று முடிவு செய்தபோது ரயில் செங்கல்பட்டைத் தாண்டியிருந்தது.

சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஒரகடத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது ரூபாய். இந்தப் பக்கத்தில் யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

"எந்தக் கம்பெனிமா?" என்றார் டிரைவர்.

"கம்பெனி இல்லப்பா. வல்லம் போவணும்."

"இன்டர்வியூவா? வயசு ஒத்துக்க மாட்டாங்களேமா."

"வெளயாடப் போறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். பிறகு ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார். வழியெல்லாம் புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய டிரெய்லர்கள். கம்பெனி மதில் முடிகிற இடத்தில் துண்டாக ஒரு நெல்வயல், அதை ஒட்டி வேப்பமரத்தடி அம்மன், அப்புறம் மறுபடியும் மதில். ஒரகடத்தில் ஆட்டோ மாறி வல்லத்துக்கு இன்னும் இருபது ரூபாய்.

வரச்சொன்ன மெஸ் வாசலில் இசக்கி நின்றிருந்தாள். போட்டோவில் பார்த்ததைவிடக் குட்டை. ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டாள்.

"வந்துட்டியளாக்கா! நெசமாவே வந்துட்டிய!"

"நீ ஓசூருக்கு இட்டுக்கினு போற ஆட்டம் ஆச்சே, வராம இருப்பனா?"

அவளுக்கு ஹாஸ்டலில் நாலு மணி வரைதான் அவுட்பாஸ். ஓரத்து மேஜையில் காக்கித் துணியை விரித்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்மில் மிச்சம் விழுந்த துணி, அதில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கோடு மிஷினில் ஓட்டியிருந்தேன். கறுப்புக்குக் கோட்டு பட்டன், வெள்ளைக்குச் சட்டை பட்டன். இசக்கி தையல் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நிஜமான காயை அவளும் நானும் கையால் தொட்டு ஆடியதே கிடையாது.

மெஸ்காரம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாமா, பட்டன் கடை போட்டுகினு கீறீங்க? சாப்பாட்டு டைம்க்குள்ள முடிச்சிடுவீங்களா?"

"முடிச்சிருவோம் அத்தே," என்றாள் இசக்கி. சாப்பாட்டு நேரம் வந்து போனது. அந்த அம்மாவும் பாவம், எங்களை எழுப்பவில்லை.

யாருக்குக் கறுப்பு என்று முடிவு செய்ய ஒற்றையா இரட்டையா பிடித்தோம். எனக்குக் கறுப்பு வந்தது, அதனால் முதல் காய் நான் வைத்தேன். போனில் அவள் எப்படி யோசிப்பாள் என்று எனக்கு இதுவரை தெரியாது. நேரில் பார்த்தால் துப்பட்டா நுனியைப் பல்லில் கடிக்கிறாள். நான் இடதுபக்கத்தை வளைத்தேன். அவள் வலதுபக்க மூலையில் புகுந்து என் காய்களை அள்ளினாள். பதிலுக்கு நடுவில் நான் அள்ளினேன். பாதி ஆட்டத்தில் நான் கொண்டுபோன புளியோதரையும் தீர்ந்தது. இருவருக்கும் வைக்க இடம் இல்லை என்று ஒப்புக்கொண்டபோது மணி மூன்றரை. கறுப்பே அதிகம்போல் தெரிந்தது. ஆனால் கோட்டு பட்டன் கொஞ்சம் பெரியது, கண்ணை நம்ப முடியாது.

"எண்ணுங்கக்கா," என்றாள்.

அப்போதுதான் விழித்தேன். எங்களுக்குத் தெரிந்த கணக்குப்படி வளைத்த இடத்தோடு பிடித்த காய்களையும் சேர்த்து எண்ண வேண்டும். போனில் அதுவே எண்ணிச் சொல்லிவிடும். இங்கே பிடித்த காய்களைத் தனியாக வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. துணியை விட்டு வந்த பட்டன் அதனதன் டப்பாவுக்குள் போய்விட வேண்டும் என்பது என் கைப்பழக்கம். நான்தான் அப்படி, இவளாவது வைத்திருப்பாள் என்று பார்த்தால் அவள் அதற்கு மேல்.

"லைன்ல டேபிள் மேல ஒரு பார்ட்டு லூசா கெடந்தா சூப்பர்வைசர் கத்துவாருக்கா. எடுத்ததயெல்லாம் டப்பால போட்டுட்டேனே!"

இருவரும் டப்பாக்களைப் பார்த்தோம். ரொம்பச் சுத்தமாக இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப ஜெயிச்சனா தோத்தனான்னே தெரியாமப் போகணுமாக்கா?" நீதான் ஜெயித்தாய் என்று சொல்ல வாய் வரை வந்தது. தெரியாததைச் சொன்னால் அவள் நம்ப மாட்டாள் என்று விழுங்கிவிட்டேன். துணியில் நிற்கிற காய்களை அப்படியே ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டோம். அவுட்பாஸ் முடியப்போகிறது. "ஆட்டத்த வச்சிக்கினாலும் எடுத்துட்டாலும் போய் எறங்கினதும் சொல்லு," என்றேன். என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு ஓடினாள். பட்டன்களை வாரி டப்பாவில் போடும்போது மனசு கேட்கவில்லை.

மாலை ரயிலில் ஜன்னலோர இடம். நேரம் போகாமல், பிடித்த காயைத் தொலைத்தவர்கள் யாராவது உண்டா என்று போனில் தேடினேன். எங்களைப் போல அசடுகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சீனாவில் வேறு விதமாக எண்ணுவார்களாம். பிடித்ததை விட்டுவிடு, கடைசியில் நிற்கிற உன் காய்களையும் அவை வளைத்த காலி இடத்தையும் கூட்டு, அவ்வளவுதான். போட்டோவைப் பெரிதாக்கி எண்ணினேன். நம்பாமல் கீழிருந்து மறுபடி எண்ணினேன். மொத்தம் நூற்று அறுபத்தொன்பது புள்ளி. எனக்கு எண்பத்திரண்டு, இசக்கிக்கு எண்பத்தேழு.

எண்ணும் முறையோடு சேர்த்து அனுப்பினேன். மதுராந்தகம் ஏரி தெரிகிறபோது பதில் வந்தது. "என் மனசு தேறட்டும்னு சும்மா சொல்லுதியளாக்கா?"

"நீயே எண்ணிப் பாரு" என்று எழுதினேன்.

மேல்மருவத்தூர் போயிற்று, அச்சிறுபாக்கம் போயிற்று, பதில் இல்லை. தோற்ற எனக்கு இவ்வளவு படபடப்பு ஆகாது. தொழுப்பேட்டில் போன் டிங் என்றது. "எண்பத்தேழு!" அதன் பின்னாலேயே புது ஆட்டத்துக்கு அழைப்பு. திறந்தால் பலகையில் ஏற்கெனவே இரண்டு கறுப்புக் காய் உட்கார்ந்திருக்கிறது. எனக்காம். "வச்சுக்கிடுங்கக்கா, பரவால்ல" என்று கீழே ஒரு வரி.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துப் பார்த்தார். கொழுப்பு உனக்கு என்று எழுதப் போனேன், எழுதவில்லை. வாங்கிக்கொள்கிறேன் என்று தட்டினேன். இந்த ஆட்டத்தில் காய் கொடுத்தவர்தான் முதலில் வைக்க வேண்டும். ஒலக்கூரில் வண்டி நின்றபோது இசக்கியின் வெள்ளைக் காய் வந்து விழுந்தது.