அமாவாசைக்கு அறுத்த அகத்தி

“…அப்புறம் பாக்கலாம்னுதானே சொன்னீங்க? வெஷம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களாண்ணே?”

அம்மா மண்டபத்து வாசலில், அகத்திக்கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி கீரைக்காரம்மா கேட்டார். அமாவாசைக் காலை. காவிரியில் முழுகித் தர்ப்பணம் முடித்து வருகிறவர்கள் ஆளுக்கொரு கட்டு வாங்கிப் பசுவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். லால்குடியிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்ன நான் அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றேன்.

அவர் கேட்டது நியாயம்தான். லால்குடிப் பக்கம் எனக்கிருக்கும் துண்டு நிலத்தை ஒட்டி முன்பு பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. கொட்டகை போய்விட்டது, ஈயம் என் மண்ணில் தங்கிவிட்டது. மண்ணைச் சோதித்துப் பார்த்த, வேளாண்மை படித்த பெண் இரண்டு வழி சொன்னார். ஒரு பாதியில் கரித்தூளும் மக்கிய எருவும் சுண்ணாம்பும் கலந்து, ஈயத்தை வேர் தொடாதபடி மண்ணிலேயே கட்டிப்போடுவது. மறுபாதியில் அகத்தியை நெருக்கி நட்டு, உறிஞ்சுகிற மட்டும் உறிஞ்சட்டும் என்று விடுவது. “வெட்டினதைத் தனியா மூட்டை கட்டி என்கிட்ட குடுத்துடணும் சார். ஆடு மாடு வாயில படக் கூடாது, எரிக்கவும் கூடாது,” என்றார். பல வருஷ வேலை. பரவாயில்லை, மண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

வேலி போட்டேன். காரணத்தை மட்டும் வெளியே சொல்லவில்லை. பக்கத்து வயல்காரர், “சத்தம் போடாதீங்கண்ணே, அப்புறம் என் நெல்ல எவன் வாங்குவான்?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். போன மாதம் கீரைக்காரம்மா வேலியோரம் நின்று, “அகத்தி என்னமா தளதளன்னு நிக்குது. அமாவாசைக்கு ஒரு சுமை ஒடிச்சுக்கவா?” என்று கேட்டபோது, “அப்புறம் பாக்கலாம்மா” என்றேன். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சிரித்துக்கொண்டே தள்ளிப்போடுவோம், கேட்டவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். இன்று காலை போய்ப் பார்த்தால், ஒரு வரிசை முழுக்க மொட்டையாக நின்றது.

“எதும்மா என் நிலத்துக் கட்டு?” என்றேன்.

“நல்லாக் கேட்டீங்க. முசிறிலேருந்து வந்ததும் இதுலதான் கெடக்கு. எல்லாத்துக்கும் ஒரே வாழைநாரு. கீரை என்ன ஊர் பேர் எழுதிக்கிட்டா வருது?”

அந்த நிலைமையிலும் மனசு அவர் பேச்சைக் குறித்துக்கொண்டது. கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு வியாதி.

ஈர வேட்டியோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். “ஏம்மா, பசு காத்துண்டு நிக்கறது. ரெண்டு கட்டு குடுங்கோ.”

“செத்த இருங்க சாமி.” என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “தின்னா மாடு செத்துருமா?”

“ஒரு வேளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா. உடம்புல தங்கிடுமாம். பாலுக்கும் வரும்னாங்க.”

“பாலுக்கா,” என்றார். அந்தப் பால் எந்தெந்த வீட்டுக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். மாதத்தில் நன்றாக விற்கிற நாள் இந்த ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும். கட்டுகளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்திருந்த சாக்கை உருவி, நல்லது கெட்டது எல்லாவற்றின் மேலும் போட்டு மூடினார்.

“கீரை இல்லீங்க சாமி.”

“முன்னாடி குவிச்சு வச்சுண்டு இல்லேங்கறேளே?”

“கண்ணுக்குத்தான் கீரை. வேற எடத்துல வாங்கிக்குங்க.”

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

“இதுவரைக்கும் எத்தனை போச்சும்மா?”

“ஒண்ணே ஒண்ணு. இப்பத்தான், நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால…”

அவர் கண் போன இடத்தைப் பார்த்தேன். விளக்குக் கம்பத்தடியில் ஒரு செவலைப் பசு நின்றது. பட்டுச்சேலை கட்டிய அம்மாள் ஒருவர் கட்டைப் பிரித்து அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டது கூட்டத்தில் காதில் விழவில்லை.

கீரைக்காரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினார். அந்த அம்மாள் கையில் மிச்சமிருந்ததைப் பறித்துக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு, பசுவின் கடைவாயில் மணிக்கட்டு வரை கையை விட்டு, மென்றதைப் பிடி பிடியாக வெளியே இழுத்தார்.