கிளெனிஸ் எழுதிப் போட்ட புகார்

ஆல்மா தெருவில் கிளெனிஸ் பர்செல்லைப் பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் அவர் பொய் சொல்வார் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. முப்பத்தோரு வருடம் ஒரு பல் மருத்துவரின் இடத்தைக் கூட்டித் துடைத்தவர். சர்க்கரையால் கால் போன கணவர் ரானின் சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளமும் கூரையும் போட்டிருந்தார். அனுமதி வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை. யாரோ நகராட்சிக் கவுன்சிலுக்கு எழுதிப் போட, இடிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. இடித்தார். புதிதாகக் கட்ட அனுமதி கிடைப்பதற்குள் ரான் போய்விட்டார். கடைசி ஐந்து மாதம் அந்த மனிதர் வாசல் தாண்டவில்லை.

"எவன் எழுதினான்னு கேட்க மாட்டேன். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான்" என்று எதிர்வீட்டுக்காரனான என்னிடம் சொல்வார்.

பக்கத்து வீட்டை ட்ரெவர் ஸ்டாக் என்பவன் வாங்கி, அறை அறையாக வாடகைக்கு விட்டான். அக்டோபரில் பின்தோட்டத்தில், கிளெனிஸின் வேலியை ஒட்டிச் செங்கல் அறை ஒன்று எழும்பியது. மூன்றே வாரத்தில் கூரையும் போட்டாயிற்று. கிளெனிஸ் சமையலறையில் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த அறையின் கழிவுக்குழாயை ட்ரெவர் அவருடைய சாக்கடையில் செருகியிருந்தான். மழை பெய்தால் முற்றத்தில் மலம் மிதந்தது.

வேலியோரம் போய்க் கேட்டார்.

"சாமான் போட்டு வைக்கிற ரூம்மா அது. உன் வேலையைப் பாரு."

"சாமானுக்கு எதுக்குடா கக்கூஸ்?"

ட்ரெவர் சிரித்தான். "உன் வீட்டுக்காரனோட கூரையை இடிச்ச கடுப்பு இன்னும் தீரலையா?"

அன்று மாலையே கிளெனிஸ் என் வீட்டுக்கு வந்தார். கணினியில் புகார்ப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அவர் எடுத்திருந்த படங்களைச் சேர்க்கும்போது கண்ணில் பட்டது, அந்த அறை ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் காலுறை.

"உள்ள யாரோ குடியிருக்காங்க போலிருக்கே, கிளெனிஸ்."

"இருந்தா அவன்தானே பதில் சொல்லணும்? அனுப்புப்பா."

அனுப்பினேன்.

பிப்ரவரியில் கவுன்சில் அதிகாரி வந்து பார்த்து, அளந்து, அறையை யாரும் குடியிருக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ட்ரெவரிடம் சொல்லிப் போனார். காலி செய்ய அவகாசம் தரும் கடிதம் பின்னால் வரும் என்றார். ட்ரெவர் கடிதத்துக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை மெத்தையும் பாத்திரமும் மின்னடுப்பும் நடைபாதையில் மழையில் கிடந்தன. பக்கத்தில் அந்த அறையில் குடியிருந்த டோப்ரிங்கா நின்றாள். பல்கேரியாவிலிருந்து வந்தவள், தொழிற்சாலையில் கீரை பொட்டலம் கட்டுபவள். கிடங்கு வேலையில் முதுகை உடைத்துக்கொண்ட அவள் கணவன் பிளாமென் மெத்தைமேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

கிளெனிஸ் இரண்டு கோப்பைத் தேநீரோடு போனார்.

"யார் எழுதினாங்க, தெரியுமா அம்மா?" என்று டோப்ரிங்கா கேட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் தெரியாது என்று சொல்லியிருப்பார்கள்.

"நான்தாம்மா."

"எதுக்கு?"

"வெளிச்சம் வரலை. சாக்கடையும் அடைச்சுக்கிச்சு."

டோப்ரிங்கா தன் கோப்பையைக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். பிளாமென் மட்டும் குடித்துவிட்டு நன்றி சொன்னான்.

"என் வீட்டு முன்னறை காலியாத்தான் இருக்கு. வந்து இருங்க ரெண்டு பேரும்."

"உங்க வீட்ல வேண்டாம்."

தெரிந்தவர் ஒருவரின் வேனில் போனார்கள். மெத்தையை எடுத்துப்போக இடமில்லை.

கிளெனிஸ் அவளைத் தேடி அடுத்தடுத்து மூன்று வெள்ளிக்கிழமை தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். மூன்றாவது முறை அங்கே வேலை செய்யும் ஒரு பெண் விவரம் சொன்னாள். இருவரும் அந்த வேனிலேயே படுத்திருந்தார்களாம். பிளாமெனுக்கு நிமோனியா வந்து, மருத்துவமனையில் ஆறாம் நாள் முடிந்துவிட்டது. டோப்ரிங்கா உடலோடு ஊருக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்து நேரே வந்தவர் மேல்கோட்டைக் கழற்றாமல் என் அடுக்களையில் உட்கார்ந்தார். நான்தான் அந்தப் படிவத்தை அனுப்பினேன் என்று நான் சொன்னேன். கையை அசைத்து மறுத்தார்.

கோடையில் ட்ரெவர் அந்த அறைக்குச் சாமான் அறை என்று, கட்டி முடித்த பிறகு, அனுமதி கேட்டான். கூரையை ஓரடி குறைக்கவும் குழாயைப் பிரிக்கவும் சொல்லி அனுமதி கொடுத்தார்கள். அவனுக்கு நஷ்டம் அவ்வளவுதான். தெருவில் பாதிப் பேர் பேசுவதை நிறுத்தியது கிளெனிஸோடு, அவனோடு அல்ல.

செப்டம்பரில் வீட்டை விற்றுவிட்டு, கடலோரத்தில் இருக்கும் தங்கையிடம் கிளம்பினார். சாமான் ஏற்றும்போது கேட்டேன், மறுபடி அப்படி ஒன்று நடந்தால் எழுதுவீர்களா என்று.

"எழுதுவேன்" என்றார் உடனே. கையிலிருந்த பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார். "ஆனா அதுக்கு முன்னாடி போய் அந்த அறைக் கதவைத் தட்டுவேன். எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரு வேலிதான்ப்பா இருந்துச்சு."