சங்கு ஊதாத மாலை

பட்டியல் போடாமல் நான் எங்கும் கிளம்புவதில்லை. கட்டடப் பொறியியல் படித்ததால் வந்த பழக்கம் என்பார்கள் கொழும்பில் என்னோடு வேலை செய்பவர்கள். அப்பா அம்மாவோடு இரண்டு நாள் ஊர் சுற்றுவதற்கும் ஒன்று போட்டிருந்தேன். நுவரெலியாவின் பழைய கல் தேவாலயம், தபாற்கந்தோர் என்று நாங்கள் சொல்லும் செங்கல் தபால் நிலையம், நானுஓயா ரயில் நிலையம், போகும் வழியில் ஒரு நீர்வீழ்ச்சி. கடைசி வரியை மட்டும் யாருக்கும் காட்டவில்லை: அப்பா தூங்க வேண்டும்.

நாங்கள் தங்கிய ஹோட்டல் முன்பு தேயிலைத் தொழிற்சாலையாக இருந்தது. அப்பா அங்கே வேலை செய்தவர். மேல்மாடியில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, காற்று விட்டு, விடியும்வரை கிளறிக்கொண்டே இருக்கும் இரவு வேலை. அது மூடிய பிறகு வேறொரு தோட்டத்திலும் அதே வேலைதான். ஓய்வு பெற்ற பின்னும் உடம்பு பழைய கணக்கிலேயே இருந்தது. இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்; பகலிலும் கண் மூடுவதில்லை. பிரஷர் ஏறிக்கொண்டே போனது. மாத்திரை பாதிதான், மீதியைத் தூக்கம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தும் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஹோட்டலாகிவிட்டது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

எங்கள் அறை அதே மேல்மாடியில் அமைந்தது. பலகைத் தரை, இரும்புத் தூண்கள், சுவர் நெடுக ஜன்னல்கள். எதையும் இடிக்காமல், பழைய தூண்களுக்கு இடையிலேயே அறைகளைத் தடுத்திருந்தார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அப்பா ஒரு தூணைத் தட்டிப் பார்த்தார்.

“படுத்துப் பாருங்கப்பா. மெத்தை நல்லா இருக்கு.”

“இங்கயா? இங்க கண்ணு சொக்குனாலே டீமேக்கரு வந்து நிப்பாரு. அன்னிக்கு அரைப்பேருதான்.”

டீமேக்கர் தொழிற்சாலையின் மேலதிகாரி; அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம்.

“ரிட்டயரான மனுசனுக்கு யாரு அரைப்பேரு போடுறது? டீமேக்கரே செத்துப் போயிட்டாரு,” என்றார் அம்மா.

“அவரு செத்தும் வருவாருடி.”

அன்று நாலு மணிக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. விருந்தினரைத் தேநீருக்கு அழைக்க அந்தப் பழைய சங்கைத்தான் இன்னும் பயன்படுத்துகிறார்கள். வேலைக்குக் கூப்பிட்டதுபோல அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டு வரை போய்விட்டார். அங்கே நின்று தன்னைத்தானே பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்த இரவும் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை தேவாலயத்தையும் தபாற்கந்தோரையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம். நீர்வீழ்ச்சிக்குப் போக வாடகைக்கு ஒரு வான் வண்டி சொல்லியிருந்தேன். காலுறையை மாற்ற அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு காலில் காலுறை, ஒரு காலில் இல்லை. குறட்டை கேட்டது.

அம்மா வாயில் விரல் வைத்தார். “வான போகச் சொல்லிரு,” என்றார் மெதுவாக. பிறகு என் கையைப் பிடித்து, “சங்கு?” என்று கேட்டார்.

நான் கீழே ஓடினேன். வரவேற்பு மேசையில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா தூங்குகிறார், இன்று நாலு மணிக்குச் சங்கு ஊத வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கே புரிந்தது.

“வெள்ளைக்காரங்க அத வீடியோ எடுக்கவே வந்து நிப்பாங்க மிஸ்,” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “நீங்க எந்தத் தோட்டம்?”

சொன்னேன். எங்கள் ஊர் கொட்டகலைக்கு மேலே.

“அப்பா இங்க மேல வேலை செஞ்சவரா?”

“ஆமா. ராத்திரி வேலை.”

அவள் தொலைபேசியை எடுத்து மேனேஜரிடம் சிங்களத்தில் பேசினாள். ‘தாத்தா’ என்ற சொல் மட்டும் பல தடவை வந்தது. சிங்களத்தில் அப்பாவை அப்படித்தான் சொல்வார்கள். மறுமுனையில் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். அவள் பொறுமையாக மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். போனை வைத்துவிட்டு, “சரின்னுட்டாரு. நாளைக்கு ரெண்டு தடவ ஊதிக் கணக்க நேராக்கிருவோம்,” என்றாள்.

நாலு மணிக்கு முற்றத்தில் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றவர்களிடம் அவளே ஒவ்வொருவராகப் போய்ப் பேசினாள். என்ன சொன்னாளோ, ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டு, நுனிக்காலில் நடந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் எங்கள் அறைக்கு வெளியே ஒரு தட்டில் தேநீரும் கேக்கும் வந்திருந்தன. கதவைத் தட்டாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இப்போதும் அந்த வரவேற்பு மேசைப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். கோயிலில் நிற்கும்போது, எங்கள் வீட்டாரின் பெயர்களுக்குப் பிறகு, பெயர் தெரியாத அவளுக்காகவும் ஒரு நொடி கண்ணை மூடுகிறேன்.

அப்பா விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கிவிட்டது. அவசரமாக எழுந்து உட்கார்ந்தார்.

“சங்கு ஊதலியா?”

“ஊதலப்பா.”

“ரிப்பேரா?”

“அதுக்கும் லீவு குடுத்துட்டாங்க,” என்றார் அம்மா, கேக்கை மென்றுகொண்டே.

அப்பா கூரையையும் தூணையும் பார்த்தார். கதவைப் பார்த்தார். யாரும் வரவில்லை. பிறகு காலுறை இல்லாத காலைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.