ஒரு நிமிடக் கால்கள்

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் வியாகுல மாதாவின் சப்பரம் பேக்கரித் திருப்பத்துக்கு வந்ததும் ஒப்தூலியா கேமராவைக் கீழே இறக்கிவிடுவாள். ஊரே அண்ணாந்து மாதாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் மட்டும் ஒரு முழு நிமிடம் தரையைக் காட்டுவாள். சப்பரத்தைச் சுற்றித் தொங்கும் கறுப்பு வெல்வெட்டுக்கு அடியில், வெள்ளைத் துணிச்செருப்புப் போட்ட முப்பத்தாறு ஜோடிக் கால்கள் அங்குலம் அங்குலமாக நகரும். 1988 முதல் ஒளிபரப்பு நின்றுபோகும் வரைக்கும் இந்த வழக்கத்தை அவள் விட்டதில்லை.

வால்தெஹாரா ஊர்த் தொலைக்காட்சிக்கு அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பால்தொமேரோவின் டிவிக் கடைப் பின்னறைதான் அலுவலகம். விற்ற டிவியில் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கம்பி இழுத்து ஆரம்பித்தார். கடையில் ரசீது எழுதிக்கொண்டிருந்த ஒப்தூலியாவின் தோளில் கேமராவைத் தூக்கி வைத்தார். தினம் இரண்டு சினிமா, ஞாயிற்றுக்கிழமை ஊர் அணியின் கால்பந்து, நகரசபைக் கூட்டம் முழுசாக, ஆலிவ் விலை, அன்றைக்குத் திறந்திருக்கும் மருந்துக்கடை, இறந்தவர்களின் பெயர். இவ்வளவுதான் நிகழ்ச்சிகள். நாட்டின் பெரிய சேனல்களை விட்டுவிட்டு ஊர் இதைப் பார்த்தது. தெரிந்த முகம் வந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

கால்களைக் காட்ட ஆரம்பித்ததற்குப் பெரிய யோசனை ஒன்றும் காரணமில்லை. முதல் வருஷம் தோள் கடுத்துப்போய்க் கேமராவை இறக்கினாள். உடனே கடைக்குப் போன்மேல் போன். சப்பரம் சுமக்கிறவர்கள் துணிக்குள் இருப்பார்கள், வெளியே கால் மட்டும்தான் தெரியும். வீட்டைவிட்டு இறங்க முடியாத அம்மாக்கள் அந்தக் கால்களில் தங்கள் பிள்ளையைத் தேடினார்கள். “என் பையன் எப்பவும் குதிகாலை மிதிச்சுத்தான் நடப்பான், பாத்துட்டேன், போதும்” என்று ஒருத்தி அழுதாளாம். அடுத்த வருஷம் தோள் கடுக்கவில்லை. ஆனாலும் இறக்கினாள்.

1993இல் எர்மினியாவின் மகன் தாமியான் முதல் தடவையாகச் சப்பரத்துக்கு அடியில் போனான். இருபது வயது. எர்மினியாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. ஊர்வலம் முடிந்து ஒப்தூலியா கடைக்குத் திரும்பியதும் அவள் போன் வந்துவிட்டது.

“மகளே, இடது கால்ல பழுப்புக் கயிறு கட்டியிருந்தான் பாத்தியா? செருப்பு வாரு அறுந்துபோச்சு, நான்தான் முடிஞ்சு விட்டேன். அந்த டேப்பு எனக்கு ஒண்ணு வேணும்.”

“எடுத்து வைக்கிறேன் எர்மினியாம்மா.”

எடுத்தும் வைத்தாள். பதிவு அழியக்கூடாத டேப்பென்றால் அதன் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் சில்லை உடைத்துவிடுவது வழக்கம். உடைத்தால் மேலே வேறு எதுவும் பதியாது. உடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பிரதி எடுக்க இரண்டாவது இயந்திரம் வேண்டும். அது பழுதாகிக் கிடந்தது.

செப்டம்பரில் நகரசபையில் தண்ணீர் வரி விவாதம். ஒரு வார்த்தை விடாமல் பதிய வேண்டும் என்பது உத்தரவு. கைவசம் இருந்த நாற்பது டேப்பில் ஒன்றுகூடக் காலியில்லை.

“மேல்தட்டுல ஒண்ணு தூங்குதே?” என்றார் பால்தொமேரோ.

“அது சப்பரம், முதலாளி.”

“சப்பரம் வருஷா வருஷம் வரும். தண்ணி வரி வருஷா வருஷம் வந்தா ஊர்ல ஒருத்தனும் குளிக்கமாட்டான்.”

ஒப்தூலியா சிரித்துவிட்டாள். அவர் சொல்வது சரியென்றுதான் அவளுக்கும் பட்டது. ஆறேழு மாதத்தில் அடுத்த பெரிய வெள்ளி வந்துவிடும், பையன் கால் எங்கே ஓடிவிடப் போகிறது? உடைந்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினாள். அப்படி ஒட்டிவிட்டால் இயந்திரம் ஏமாந்துவிடும். நாலு மணிநேரம் தண்ணீர் வரி பதிந்தது.

டிசம்பரில், ஆலிவ் அறுவடையின்போது, சரிவில் டிராக்டர் கவிழ்ந்து தாமியான் இறந்தான். அவன் பெயரைத் திரையில் வாசித்ததும் ஒப்தூலியாதான்.

ஜனவரியில் எர்மினியா போன் செய்தாள். “இப்ப அவசரமில்ல மகளே. ஆனா வேணும்.”

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. “தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள்.

அந்தத் தவக்காலத்திலிருந்து திரையின் அடியில் ஒரு வரி ஓட ஆரம்பித்தது: ‘1993 பெரிய வெள்ளி ஊர்வலத்தை வீட்டில் பதிவு செய்தவர்கள் நிலையத்தைத் தொடர்புகொள்ளவும்.’ ஏன், யாருக்கு என்று எழுதவில்லை. பதினேழு வருஷம் ஓடியது. முதல் நற்கருணை விருந்து, கல்யாணம், நாய்க்குட்டி என்று என்னென்னவோ டேப்புகள் வந்தன. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சப்பரம் கோயிலுக்குள் போய் அவள் கடைக்குத் திரும்பியதும் எர்மினியாவின் போன் வரும். “கிடைச்சுதா?” “தேடிக்கிட்டிருக்கேன்.” அவ்வளவுதான் பேச்சு. தான் தேடுவது டேப்பையா, உண்மையைச் சொல்லாமலிருக்க இன்னொரு வருஷத்தையா என்று ஒப்தூலியாவுக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

2010இல் ஒளிபரப்பெல்லாம் டிஜிட்டலுக்கு மாறியது. அதற்கான உரிமம் வால்தெஹாராவுக்குக் கிடைக்கவில்லை. மூடுவதற்கு நாலு நாள் இருக்கும்போது ஓய்வுபெற்ற தபால்காரர் எலாதியோ ஒரு டேப்போடு வந்தார். அண்ணனுக்காகப் பதிந்து ஜெர்மனிக்கு அனுப்பியதாம். அண்ணன் செத்து, அவர் சாமான்களோடு திரும்பி வந்திருக்கிறது. முதுகில் ‘93, மாதா’ என்று எழுதியிருந்தது.

ஒப்தூலியா டேப்பைப் போட்டாள். பேக்கரித் திருப்பம் வந்தது. படம் மாதாவின் கைக்குட்டையிலிருந்து இறங்கியது, வெல்வெட்டின் ஓரம் தெரிந்தது. சட்டென்று துள்ளி மறுபடியும் மாதாவின் முகம்.

“இங்க என்ன ஆச்சு?”

“கால் வந்துச்சு, நிறுத்திட்டேன்” என்றார் எலாதியோ. “எங்கண்ணன் மாதாவைத்தானே கேட்டான். ஊரான் செருப்பைப் பதிஞ்சு டேப்பை வீணாக்கவா?”

அவரைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை? டேப்பை எடுத்துக்கொண்டு நேராக எர்மினியா வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டுநாடாவையும் சொன்னாள்.

எர்மினியா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். “எழுத்து ஓடின முதல் வருஷமே தெரியும். டேப்பு கையில இருக்கறவ ஊரெல்லாம் கேப்பாளா?”

“அப்புறம் ஏன் வருஷா வருஷம் கேட்டீங்க?”

“நீ சொல்றியான்னு பாக்கத்தான். அது மேல என்னத்தப் பதிஞ்சே?”

“தண்ணி வரிக் கூட்டம்.”

“வரியாவது குறைஞ்சுதா?”

“ஏறிடுச்சு.”

எர்மினியாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. “சரி, இருக்கறதைப் போடு.”

வெல்வெட்டின் ஓரம் வந்து துள்ளுகிற இடத்தை நாலு தடவை பின்னால் ஓட்டச் சொன்னாள். பிறகு டேப்பை எடுத்து ஒப்தூலியாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“சொல்லிட்டே, நல்லது. அதனால தீந்துபோச்சுன்னு நினைச்சுக்காத. எனக்கு வேண்டியது அந்தக் கால்.”

“தேடறேன்” என்றாள் ஒப்தூலியா. அந்த வார்த்தையை அன்றுதான் அவளால் கூசாமல் சொல்ல முடிந்தது.

நிலையம் மூடியபிறகு ஓடும் எழுத்து இல்லை. அதே வரியைக் காகிதத்தில் எழுதி, அடியில் தன் வீட்டு எண்ணைப் போட்டுப் பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டினாள். வெயிலில் வெளுத்தால் புதிதாக எழுதுவாள். எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. 2018 இலையுதிர்காலத்தில் நுரையீரல் காய்ச்சலில் இறந்தாள். அவள் பெயரை வாசிக்கத் திரை இல்லாததால் கோயில் கதவில் ஒட்டினார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் பேக்கரிக்காரி அந்தக் காகிதத்தைக் கிழிக்கப் போனாள். ரொட்டி வாங்க நின்ற எர்மினியா ஊன்றுகோலால் கண்ணாடியைத் தட்டினாள்.

“விடு. அவ இன்னும் எனக்குத் தரணும்.”

காகிதம் அங்கேயேதான் இருக்கிறது. அதிலுள்ள எண்ணுக்குப் போன் செய்தால் இப்போது யாரும் எடுப்பதில்லை.