மருதமரத்தடியில் விளைந்த திருநீறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கினேன். சாமி விஷயம். நானோ பத்தாவது தாண்டாதவன். பிள்ளையாரைக் குறை சொன்னதாக ஆகிவிடக் கூடாதே என்ற பயம். ஆனால் ஊரில் இப்போது இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். அதனால் அவரையே கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே எங்கள் ஊர். ஆற்றங்கரையில் ஒரு மருதமரம், அடியில் பிள்ளையார். பிள்ளை வேண்டுகிறவர்கள் அந்த மரத்தில் மஞ்சள் துணியால் தொட்டில் கட்டுவார்கள். கீரமங்கலத்தில் வாக்கப்பட்ட எங்கள் மகளும் ஆற்றைப் பார்த்து நீண்ட கிளையில் கட்டினாள். அடுத்த வருஷம் உண்டானாள். நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மரம் காய ஆரம்பித்தது.

முதலில் இலையோரம் தீயில் காட்டியது போலக் கருகியது. பிறகு உச்சி மொட்டையானது. என் வீட்டுக்காரி ஆடிப்போனாள்.

"தொட்டில் கட்டுன மரம் காயலாமாங்க? வயித்துல இருக்கறதுக்கு எதுவும் ஆயிடக் கூடாதுங்க."

மழை பொய்த்து ஆற்றில் மணல்தான் கிடந்தது. கோயிலுக்கென்று போட்ட போர்க்குழாய் ஒன்று இருந்தது. தினமும் குளித்துவிட்டு, அந்தத் தண்ணீரில் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்து, குடம் குடமாக மரத்துக்கும் ஊற்றினாள். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு ஒன்று உறுத்தியது. முன்பெல்லாம் அங்கே ஊற்றினால் மறுநாளே மண் காய்ந்துவிடும். இப்போது சொதசொதவென்று கிடந்தது. மரம் குடிக்கவே இல்லை. சொன்னால், "பிள்ளையார் பாத்துக்குவாரு, நீங்க கொடத்தைத் தூக்குங்க" என்றாள். தூக்கினேன்.

ஒருநாள் பீடத்திலும் வேரோரத்திலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. "திருநீறு விளையுதுங்க!" என்று ஓடிவந்தாள். தெருவே வந்து கும்பிட்டது. முதலில் நம் மகளுக்குத்தான் என்று சொல்லி, மகள் வந்து பூசும்வரை வேறு யாரையும் அவள் தொட விடவில்லை. இன்னும் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

வளைகாப்பு முடிந்த கையோடு மகளை அங்கே கூட்டிப்போனோம். வீட்டுக்காரி ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, எங்கள் வழக்கப்படி மிச்சத்தை அவள் நாக்கில் வைத்தாள். மகள் முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இது உப்பும்மா."

"வாயை மூடுடி. மசக்கையில ஒனக்கு அப்படித்தான் இருக்கும்."

"ஏழு மாசத்துல என்ன மசக்கை? நீயே வச்சுப் பாரு."

மாப்பிள்ளை ஒரு துளி வைத்துப் பார்த்தார். "கருவாட்டுக்குப் போடலாம் போலருக்கே அத்தை."

"சாமி முன்னாடி என்ன பேச்சு மாப்ள!" என்றவள், தானும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் போய்ப் போர்த் தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றினேன். கரித்தது. குடிக்கக் குழாயில் நல்ல தண்ணீர் வருவதால் இதை யாரும் வாயில் வைத்ததில்லை. மழையில்லாமல் சுற்றிலும் மோட்டார் போட்டு இறைத்ததில், கடல் தண்ணீர் மண்ணுக்கடியில் ஏறியிருக்கிறது. ஊற்றின தண்ணீர் வெயிலில் காய உப்பு மட்டும் தங்கிவிட்டது. காலடியில் அவ்வளவு ஈரம் இருந்தும், உப்பால் அதை உறிஞ்ச முடியாமல் மரம் தாகத்தோடு நின்றிருக்கிறது.

"உப்பையா குடுத்தேன் இத்தனை நாளும்" என்று அழுதவளின் கண்ணை மகள் வளையல் கையால் துடைத்தாள். "தெரிஞ்சா செஞ்ச? எந்திரிம்மா. நம்ம குடிக்கிற தண்ணியில ஒரு கொடம் ஊத்துவோம்."

போர்த் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினால் சாமிக்குத்தம் என்றார்கள் சிலர். "நம்ம குடிக்காததை மரத்துக்கு ஊத்தலாமா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. நான் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் தினமும் ஒரு குடம் மரத்துக்கென்று ஒதுக்கினாள். ஐப்பசியில் மழை கொட்டி மண்ணை நன்றாகவே அலசிவிட்டது.

மார்கழியில் பேத்தி பிறந்தாள். தொட்டிலை அவிழ்க்க அவளைத் தூக்கிக்கொண்டு போனபோது, மேற்குக் கிளைகளில் துளிர் விட்டிருந்தது. தொட்டில் கட்டிய கிளையில் ஒன்றுமில்லை. "பாவங்க இது" என்று அதைத் தடவிக்கொண்டே நின்றாள் என் வீட்டுக்காரி. இன்றும் அது பட்டுத்தான் நிற்கிறது. பேத்தி அதற்குக் கீழேதான் ஓடி விளையாடுகிறாள்.

ஊரிலோ, தொட்டில் கிளைதான் முதலில் துளிர்த்தது என்கிறார்கள். இல்லைங்க. தான் தொட்டில் கட்டிய மரம் காய்கிறதே என்று வயிற்றில் பிள்ளையோடு எவளாவது பயந்து உட்கார்ந்திருந்தால், அவளுக்கு இதைச் சொல்லுங்கள். உப்பை உப்பென்றும், பட்ட கிளையைப் பட்ட கிளையென்றும் சொல்லுங்கள். சாமி தந்ததற்கு மேல் நாம் எதையும் கூட்ட வேண்டாம்.