டீக்கன் குவிலின் அந்த ஒரு வரி

ரொண்டெல் பெட்வேயைப் பற்றி எழுதுகிற எல்லோரும் 'விமர்சகர்களால் பெரிதும் மதிக்கப்பட்டவர்' என்றுதான் தொடங்குவார்கள். எங்கள் மர்ட்டில் அவென்யூவில் அதற்கு ஒரே பொருள்தான்: பாட்டை யாரும் வாங்கவில்லை. மூலைக்கடையில் வறுத்த மீன் விற்கிறவரை எந்த விமர்சகனும் மதித்ததில்லை. அவர் கடையில்தான் வரிசை நிற்கிறது.

நான் ஒடெஸ்ஸா கிரம்லி. தெருவில் டெஸ். ரொண்டெல் மைக் பிடித்து ராப் பாடிய காலத்தில் அவனுக்குப் பின்னால் நின்று இசைத்தட்டைச் சுழற்றிய டி.ஜே. நான்தான். ஆகவே அவனைத் திட்டுவதற்கு எனக்கு இருக்கிற உரிமை பத்திரிகைக்காரர்களுக்குக் கிடையாது.

அவன் அப்பா நிஜமாகவே டீக்கன். சலவைக்கடையை ஒட்டியிருந்த சின்னச் சபையில் ஞாயிறுதோறும் காணிக்கைத் தட்டு ஏந்தியவர். மகன் அந்தப் பட்டத்தைச் சுட்டுக்கொண்டு 'டீக்கன் குவில்' என்று பெயர் வைத்துக்கொண்டான். குவில் என்றால் பழங்காலத்து இறகுப் பேனா. இவன் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை என்று அவன் டீச்சரே சொல்லியிருக்கிறார்.

ஆனால் வாய் இருந்தது. அதை மறுத்தால் என் நாக்கு அழுகிவிடும். மேலே ரயில் தடதடத்துப் போகும் இரும்புப் பாலத்தின் கீழே பையன்கள் வட்டமாக நின்று மாற்றி மாற்றிப் பாட்டு கட்டுவார்கள். ரொண்டெல் முறை வரும்போது மற்றவர்கள் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். அவனை அந்த வட்டத்துக்குள் பிடித்துத் தள்ளியது என் அண்ணன் மெர்ல். மெர்லுக்குப் பாட்டு கட்ட வராது. வாயாலேயே தாளம் போடுவான். ஆஸ்துமா நெஞ்சோடு எப்படித்தான் அவ்வளவு காற்று பிடித்தானோ! ஓர் ஆகஸ்ட் வெயிலில் அந்த நெஞ்சு நின்றுபோனது. அவனுக்கு இருபது வயதுகூட முடியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தோம். ஸ்டூடியோ என்று பெருமை அடிக்க முடியாது. எங்கள் வீட்டுத் துணி அலமாரிதான். கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே மைக்கைத் தொங்கவிட்டு, ரொண்டெலை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பாட்டின் நடுவில் மெர்லுக்காக ஒரு வரி வைத்தான். செத்தவன் பெயரைப் பாட்டில் சொல்வது எங்கள் வழக்கம். சொல்லாவிட்டால்தான் ஏசுவார்கள்.

"மெர்ல், மர்ட்டில், போகவே இல்லை."

அவ்வளவுதான் வரி. மெர்ல் இந்த மர்ட்டில் தெருவை விட்டு எங்கும் போகவில்லை என்று பொருள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஆனால் கோட்டுகள் குரலை அமுக்கிவிட்டன. போதாக்குறைக்குச் சரியாக அந்த வரியில் ரயில் போனது. ஆற்றுக்கு அக்கரையில் உட்கார்ந்து கேட்ட ஒரு பத்திரிகைக்காரன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மெர்ல் என்பதை 'மியர்' என்று கேட்டிருக்கிறான். மர்ட்டில் என்பதை 'மார்ட்டல்' என்று கேட்டிருக்கிறான். மியர் மார்ட்டல் என்றால் வெறும் மானிடன், சாகப் பிறந்தவன். 'வெறும் மானிடன், போகவே இல்லை' என்ற இந்த வரியில் மரணத்தின் மீது மனிதன் தொடுத்த வழக்கு ஒலிக்கிறது என்று அரைப்பக்கம் எழுதினான். என் அண்ணனைத்தான் அந்த முட்டாள் மானிடனாக்கினான்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்கைந்து நாள் ரொண்டெலும் சிரித்தான். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

மற்றப் பத்திரிகைகளும் எழுதின. ஒருவன் காதில் விழுந்ததை மற்றவன் கேட்காமலே எழுதினான். ஒரு பேட்டியில் அந்த வரியைப் பற்றிக் கேட்டபோது ரொண்டெல் கண்ணை மூடிக்கொண்டு, "கேட்கிறவன் ஒவ்வொருவனும் அதில் தன் மரணத்தைக் கேட்கிறான்" என்றானாம். அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். இவன் ஜூலை மாத வெயிலில் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிக்கொண்டு திரிந்தான். பேச்சும் மாறியது. காபிக் கடையில் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டால், அந்தக் கேள்வியை யோசித்துப் பார்ப்பவன்போல நிற்பான்.

மேடையிலும் 'மியர் மார்ட்டல்' என்றே பாட ஆரம்பித்தான். அன்றோடு நான் அவனுக்குத் தட்டு சுழற்றுவதை விட்டேன். பிறர் வரியைத் திருடுகிறவனுக்கு எங்கள் தெருவில் ஒரு கெட்ட பெயர் உண்டு. தன் வரியையே விற்றவனுக்குப் பெயர் இல்லை. அப்படி ஒருத்தன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை.

பிறகு அவனுக்கு ஜெர்மனியில் முப்பது ரசிகர்கள், ஜப்பானில் நாற்பது. ஒரு கல்லூரியில் கவிதைப் பட்டறை நடத்த அழைத்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு மௌனத்தைப் பற்றிப் பாடம் எடுத்தானாம். அவன் அம்மா இருந்திருந்தால் அந்த மௌனத்தை வீட்டிலும் கொஞ்சம் கடைப்பிடிக்கச் சொல்லியிருப்பாள்.

தெருவே 'மிஸ் லொரேன்' என்று கூப்பிடும் என் அம்மாவுக்கு ராப் என்றால் ஆகாது. 'ஸ்வரம் இல்லாத சண்டை' என்பாள். ஆனாலும் அந்தத் தட்டை மட்டும் வைத்திருந்தாள். அந்த ஒரு வரி வரும்வரை சகித்துக் கேட்டுவிட்டு ஊசியைத் தூக்கிவிடுவாள். மெர்லின் குரல் எந்த ஒலிநாடாவிலும் இல்லை. அவன் பெயரை உலகத்தில் யாராவது உரக்கச் சொல்வது அந்தத் தட்டில்தான். தட்டு தேய்ந்து கீறல் விழுந்தது. சென்ற ஆண்டு அதே பாட்டைப் புதுத் தட்டாக, தங்க எழுத்து உறை போட்டு வெளியிட்டார்கள். பாட்டு வரிகளையும் உள்ளே அச்சடித்திருந்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். மெர்லைக் காணோம்.

"என் புள்ளைய எடுத்துட்டானா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த உறையைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். அம்மா விடவில்லை.

"கிழிச்சு என்ன ஆகப்போகுது? அவன் வாயால ஒரு தடவ சொல்லட்டும். தெருவுல, எல்லார் முன்னாடியும். அது போதும் எனக்கு."

கோடையில் எங்கள் தெருவை இருபுறமும் அடைத்து ஒருநாள் திருவிழா நடத்துவோம். இந்த வருடம் டீக்கன் குவிலை அழைத்தே ஆக வேண்டும் என்று சிறுசுகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வா. நானே தட்டு போடறேன். அந்த வரிய மட்டும் சரியா சொல்லிடு."

"எந்த வரி?"

"உனக்குத் தெரியும்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியும், தெரியும்" என்றான்.

திருவிழா அன்று பகல் தெருவோரத் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டுப் பிள்ளைகள் நனைந்துகொண்டிருந்தார்கள். கோழி வாட்டும் புகை கண்ணைக் கரித்தது. மெர்லின் முகம் அச்சடித்த பழைய பனியனைப் போட்டுக்கொண்டு அம்மா மடக்கு நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கிருந்தோ வந்து குவிந்த ரசிகர்கள். எல்லோரும் தாடி, எல்லோரும் துணிப்பை. எங்கள் கோழியைச் சாப்பிடாமல் எங்கள் சுவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ரொண்டெல் கழுத்துத் துண்டோடு வந்தான். நான் தட்டில் குரல் இல்லாமல் இசை மட்டும் இருக்கிற பக்கத்தைப் போட்டேன். பாடினான். நன்றாகவே பாடினான், பாவி. அந்த இடம் வந்தது. "மியர் மார்ட்டல்" என்றான். தாடிக்காரர்கள் கூடவே கத்தினார்கள்.

தட்டைப் பின்னுக்கு இழுத்தேன்.

ஒரு வரி பிரமாதமாக விழுந்தால் டி.ஜே. தட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி சொல்ல வைப்பாள். பாடகனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ரொண்டெல் நெஞ்சில் கை வைத்து எனக்கு வணக்கம் வேறு போட்டான். மறுபடி பாடினான். மறுபடி "மியர் மார்ட்டல்." மறுபடி இழுத்தேன். எங்கள் தெருக்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"டேய் ரொண்டெல், படிச்ச புள்ளடா நீ! பாடத்த ஒழுங்கா ஒப்பி!" என்று மீன்கடைக்காரர் கத்தினார்.

மூன்றாம் முறை இழுத்ததும் ரொண்டெல் மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் வந்தான்.

"என்னடி பண்ற? மானத்த வாங்காத."

"வரியச் சொல்லுடா."

"அதத்தானே சொல்றேன்!"

அவன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். பொய் சொன்னால் இடது புருவம் துடிக்கும். அது துடிக்கவில்லை. இத்தனை வருடம் இவனைத் திருடன் என்று நினைத்திருந்தேன். திருடனுக்காவது எங்கே கை வைத்தோம் என்று தெரியும். இவன் நிஜமாகவே மறந்துவிட்டான். ஊரான் சொன்ன பொருளைச் சுமந்து சுமந்து, சொந்த வாயில் பிறந்த வரி எது என்றே தெரியாமல் நின்றான். என்னால் அப்போது அவனைத் திட்டக்கூட முடியவில்லை.

"அம்மாவப் போய்க் கேளு" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். அம்மாவின் பனியனைப் பார்த்தான். அதில் மெர்ல் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் கொதிநீர் பட்டவன்போல ரொண்டெல் முகத்தைச் சுளித்தான். மைக்கை என் கையில் திணித்துவிட்டுக் கீழே இறங்கி, நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான்.

"மிஸ் லொரேன், அந்த வரி... எப்படி வரும்?"

அம்மா அவன் காதோடு சொன்னாள். சொல்லிவிட்டு, அவன் கழுத்துத் துண்டை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வேர்க்குது பாரு, போ."

மேலே வந்தான். நான் தட்டைச் சுழல விட்டேன். "மெர்ல், மர்ட்டில், போகவே இல்லை" என்றான். அதற்கு மேல் அவனால் பாட முடியவில்லை. எங்கள் தெரு போட்ட கூச்சலில் மேலே போன ரயிலின் சத்தமே கேட்கவில்லை. அன்றைக்கு அவனை எனக்குப் பிடித்தது. ஒரு கால்மணி நேரம் இருக்கும்.

மறுநாள் காலையில் தாடிக்காரன் ஒருவன் இணையத்தில் எழுதிவிட்டான். அம்மா சமையலறையில் சோளக்கூழைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"எழுதிட்டானுங்களா? பேரு போட்டிருக்கா?"

படித்தேன். தன் புகழ்பெற்ற வரியை டீக்கன் குவில் துணிச்சலாகத் திருத்திவிட்டார் என்றது கட்டுரை. 'மியர் மார்ட்டல்' இனி 'பெர்ல் மார்ட்டல்' ஆம். பெர்ல் என்றால் முத்து. சாகப் பிறந்தவனுக்குள் சாகாமல் ஒளிந்திருக்கும் ஆன்ம முத்து என்று விளக்கமும் இருந்தது.

"முத்துன்னு போட்டிருக்கான்மா" என்றேன்.

அம்மா கரண்டியை நிறுத்தவில்லை.

"சரி, அடுத்த வருஷமும் அவனக் கூப்பிடு. காதுள்ளவன் எவனாவது வருவான்."