பின்சக்கரத்து ஈரம்

பயம்னா என்னன்னு என்னையக் கேளுங்க, சொல்லுதேன். கூமாப்பட்டிக்கு மேக்க மலையடிவாரத்துத் தென்னந்தோப்புல தேங்காய் லோடு ஏத்திக்கிட்டு வரும்போது ஒரு எறக்கம் இருக்கு. எறக்கம் முடியுற எடத்துல ஓடைப்பாலம். அதுக்குக் கைப்பிடிச் சுவரு கிடையாது, எப்பவோ வந்த வெள்ளம் கொண்டு போயிருச்சு. பாலத்துக்கு முன்னாடி ரோடு வேற சடார்னு ஒடியும். அங்க பிரேக் பிடிக்கலேன்னா வண்டியும் நானும் தேங்காயும் ஓடைக்குள்ளதான். வருசக்கணக்கா நான் எறங்குன எறக்கம். அன்னைக்கு மிதிக்கேன், வண்டி நிக்கல.

பெடல் கெட்டியாத்தான் இருந்துச்சு. நான் அமுக்குதேன், வண்டி ‘நீ பாட்டுக்கு அமுக்கிக்கோ’ன்னு அது பாட்டுக்குப் போவுது. கியரைக் கொறச்சு, எடது பக்கம் மண்மேட்டுல சக்கரத்தை ஒரசவிட்டு, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி எப்படியோ நிறுத்துனேன். ஸ்டியரிங்கைப் பிடிச்ச கையை எடுக்க முடியல. பொறவு எறங்கிப் பின்னால போய்ப் பாத்தேன். பின்சக்கரத்து உள்பக்கமா டயர்ல எண்ணெய் வழிஞ்சு, கியர் ஆயில் கருகுன நாத்தம் மூக்கைத் தொளைச்சுச்சு.

எங்க வண்டி மூக்கு வண்டி. என்ஜின் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற அந்தக் காலத்து லாரி. பட்டாளத்துல உழைச்சுட்டு ஏலத்துக்கு வந்ததை அப்பா எடுத்தாரு. ரோட்டுல போனா பயலுவ போனை நீட்டிப் படம் பிடிக்கானுவ. அவனுகளுக்கென்ன, எடுத்துட்டுப் போயிருவானுவ. இதுக்கு உதிரிச் சாமான் தேடி அலையுறவன் நாந்தானே! வித்துத் தொலையேன்னு சொல்லாத ஆளு ராஜபாளையத்துல இல்ல. ஆனா அந்தத் தோப்புப் பாதையில புது வண்டி எதுவும் வயிறு தட்டாம ஏறாது. இது ஏறும். எங்களுக்குச் சோறு போடுறது அந்தப் பாதைதான்.

வீட்டுல நான் எதுவும் சொல்லல. சொல்ல முடியாது. என் வீட்டுக்காரியோட கூடப்பொறந்தவன் லாரி விபத்துலதான் போய்ச் சேர்ந்தான். அன்னையில இருந்து அவ எந்த லாரியிலயும் ஏறுனதில்ல, எங்க வண்டியில கூட. பேண்டேஜ் கம்பெனியில துணி சுருட்டுற வேலை அவளுக்கு. சாயங்காலம் வந்ததும் வாசல்ல நின்னு, நான் எறங்கும்போது மொதல்ல என் காலைத்தான் பாப்பா. ரெண்டு காலும் தரையில பட்டாத்தான் அவளுக்கு மூச்சு வரும்.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறது எல்லா வீட்டுலயும் உள்ளது. இவ வெள்ளிக்கிழமைதோறும் வைப்பா. கண்ணாடிக்கு, ஸ்டியரிங்குக்கு, பிரேக் பெடலுக்கு, நாலு சக்கரத்துக்கும். பத்தாததுக்குச் சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு அடியில வேற நுழைவா. “ஏட்டி, வண்டிக்குக் கல்யாணமா பண்ணுத?”ன்னு கேலி பண்ணுவேன். “நீங்க ஒழுங்கா வீடு வந்து சேருங்க, அம்புட்டுத்தான்”ம்பா.

பிரேக் போன அன்னைக்குச் சட்டையை மோந்து பாத்துட்டு, “என்னங்க இது, கந்தக நாத்தம்?”ன்னா. “கியர் ஆயில் மாத்துனேன், அது நாத்தம்”னு வாய் கூசாமச் சொல்லிட்டேன்.

மறுநாளே வண்டியை மெதுவா உருட்டிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்க ஒரு பாய் பட்டறை வச்சிருக்காரு. எனக்கும் அவருக்கும் எளவட்டத்துல இருந்தே பழக்கம். என்னைய மாப்ளம்பாரு, வீட்டுக்காரியத் தங்கச்சிம்பாரு. பின்சக்கரத்தைக் கழட்டி டிரம்மை உருவுனாரு. உள்ள சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் லைனர் எண்ணெயில ஊறி மினுமினுன்னு இருக்கு.

“இது பிடிக்குமா மாப்ள? வழுக்கத்தான் செய்யும்.”

விசயம் இதுதான். பின்பக்க அச்சுக்குள்ள கியர் ஆயில் இருக்கும். அது சக்கரத்துப் பக்கம் வந்துராம ஒரு ரப்பர் வளையம் தடுத்து நிக்கும், அதுக்குப் பேரு சீல். அந்த ரப்பரோட உதடு தேஞ்சு வெறச்சுப் போயிருந்துச்சு. நகத்தால கீறுனா பொடியா உதிருது. இந்த வண்டிக்குச் சீல் செய்யுறதை எப்பவோ நிறுத்திட்டாங்க. அளவு பாத்து வேற வண்டிச் சீலைக் கொண்டாந்து மாட்டி, லைனரையும் புதுசா அடிச்சுக் கொடுத்தாரு. நானும் நிம்மதியா வந்தேன்.

நிம்மதி ஒரு லோடுதான் தாங்குச்சு. மறு லோடுல எறக்கத்துக்கு முன்னாடியே நிறுத்தி, குனிஞ்சு பாத்தா டயர்ல ஈரம். அங்கேயே பாதித் தேங்காயை எறக்கிப் போட்டுட்டு, சக்கரத்துக்குக் கட்டை போட்டுப் போட்டு எறங்குனேன். பாலத்துல ஆடு மேய்க்கிறவன், “என்ன மொதலாளி, பொண்ணு அழைப்பு ஊர்கோலமா?”ன்னு சிரிக்கான். அந்த நேரத்துல அவனை அறைஞ்சிருப்பேன், கையில கட்டை இருந்ததால தப்பிச்சான்.

பட்டறையில போய்க் கத்துனேன். “டூப்ளிகேட் சீலைப் போட்டு என்னையக் கொல்லப் பாக்கீரா?”

பாய்க்கும் கோவம் வந்திருச்சு. “எந் தங்கச்சி புருசனைக் கொன்னு நான் என்னத்த அள்ளப் போறேன்? வாயைக் கழுவும்வே!”

பொறவு டீ வந்துச்சு, குடிச்சோம், மறுபடியும் கழட்டுனோம். சீலோட உதடு ஒரசுற இரும்புல வரி விழுந்திருக்குன்னாரு பாய். ராஜபாளையத்துல மில்லு சாமான் கடையுற லேத்துப் பட்டறைக்கு அதைத் தூக்கிட்டுப் போயி, மேல மெல்லிசா ஒரு வளையம் ஏத்தி மழுமழுன்னு ஆக்கிக் கொண்டாந்தேன். புதுச் சீல், திரும்பவும் புது லைனர்.

அதுக்கும் எண்ணெய் வந்துச்சு. இந்தத் தடவை ரெண்டு பக்கமும்.

சத்தியமாச் சொல்லுதேன், அதுக்கப்புறம் எனக்கு அந்த வண்டியைப் பாத்தாலே பயம். கண்ணை மூடுனா காலு தன்னால பிரேக்கைத் தேடிக் கோரைப்பாயை அமுக்கும். பக்கத்துல படுத்திருக்கவ எந்திரிச்சு உக்காந்து, “என்னங்க?”ம்பா. “கொசு”ம்பேன். அவ கொசுவைத் தேடமாட்டா, என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பா. அடுத்த வெள்ளிக்கிழமை சந்தனத்தை இன்னும் அப்பிட்டா.

கடைசியா ஒருநாள் பாய், “வெறும் வண்டியாக் கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க, அச்சு சூடாவட்டும், சூட்டோட பாப்போம்”னாரு. மதுரை ரோட்டுல ஒரு ஓட்டம் போயிட்டு வந்து நிறுத்துனேன். ரெண்டு பேரும் அடியில படுத்தோம். எண்ணெய் ஊத்துற மூடியைப் பாய் மெதுவாத் திருகுனாரு. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். சூடான எண்ணெய் சீறி அவரு தாடியெல்லாம் தெறிச்சுருச்சு.

“யா அல்லா!”ன்னு உருண்டு வெளிய வந்தவரு, தாடியைத் தொடைச்சுக்கிட்டே என்னையப் பாத்தாரு. “மாப்ள, இந்த அச்சு மூச்சு விட முடியாமக் கெடந்திருக்கு.”

ஓடுற அச்சு சூடாவும், உள்ள இருக்குற காத்து விரியும். அது வெளிய போறதுக்கு அச்சு மேல சின்னதா ஒரு குமிழ் இருக்கும், பிரீதர்ம்பாங்க. அது அடைபட்டா காத்து வேற வழி தேடும். எண்ணெயையும் சேத்துக்கிட்டு சீலை முட்டித் தள்ளிரும். எம்புட்டு நல்ல சீலா இருந்தாலும் சரி, நிக்காது. அந்தக் குமிழ் கீழ படுத்தாத் தெரியாது. நான் அச்சுக்கு மேல கையை விட்டுத் தடவுனேன். குமிழ் இல்ல. கல்லு மாதிரி ஒரு உருண்டைதான் இருந்துச்சு.

ஸ்குரூ டிரைவரால நெம்புனேன். பேந்து கையில விழுந்துச்சு. வெளிய கொண்டாந்து வெளிச்சத்துல பாத்தா, மேல எண்ணெய் மண்ணு. ஒடைச்சா உள்ள மஞ்சளும் செவப்பும் அடுக்கு அடுக்கா. கியர் ஆயில் நாத்தத்தையும் மீறிச் சந்தனம் மணக்குது.

பாய் மொதல்ல சிரிச்சாரு. பொறவு சட்டுனு நிறுத்திட்டாரு. “ஐயையோ, நாந்தான் மாப்ள சொன்னேன். முன்ன ஒருக்க தங்கச்சி பட்டறைக்கு உங்களுக்குச் சோறு கொண்டாந்துச்சு. இதுல முக்கியமான எடம் எதுண்ணேன்னு கேட்டுச்சு. நான் சும்மா இருக்காம இந்தக் குமிழைக் காட்டி, வண்டியோட மூக்கு இதும்மா, இது நல்லாருந்தாத்தான் வண்டி உசுரோட இருக்கும்னு சொல்லி வச்சேன்.”

எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. கொல்லப் பாத்திருக்காளே பாவி மட்டை! அந்த உருண்டையைப் பேண்டேஜ் வேஸ்ட் துணியில முடிஞ்சுக்கிட்டேன். பாய் வேற பிரீதரும் வேற சீலும் லைனரும் மாட்டுறதுக்குள்ள, அவளை என்னென்ன கேக்கணும்னு மனசுக்குள்ள வரிசையா வச்சிருந்தேன்.

வீட்டு வாசல்ல நின்னா. அன்னைக்கு வெள்ளிக்கிழமை, கையில சந்தனக் கிண்ணம். நான் எறங்குனேன். என் ரெண்டு காலையும் பாத்தா, மூச்சு விட்டா. வரிசையா வச்சிருந்ததை எல்லாம் அப்படியே விட்டுட்டேன்.

“பாய் காட்டுன மூக்குல மட்டும் இனிமே வைக்காதே”ன்னேன்.

“ஏன்?”

துணியை அவிழ்த்துக் காட்டுனேன். எறக்கம், பாலம், பிரேக் பிடிக்காதது, எல்லாத்தையும் அன்னைக்குத்தான் சொன்னேன். அவ உருண்டையை வாங்கி மோந்து பாத்தா. மொகத்துல ரத்தமே இல்ல. “காவல் வச்சேன்னுல்லா நெனச்சேன்”னா. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டா. அழுவான்னு நெனச்சேன், அழல. உருண்டையைத் திரும்பத் துணியில முடிஞ்சுட்டு, “நாளைக்கு லோடு இருக்குல்ல? நானும் வாரேன்”னா.

“உனக்கென்ன கிறுக்கா? நீ ஏறவே மாட்டியே!”

“வாரேன்னா வாரேன்.”

காலையில பாத்தா எனக்கு முன்னாடி எந்திரிச்சு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டுக் கேபின்ல உக்காந்திருக்கா. கதவுக் கைப்பிடியைப் பிடிச்ச பிடியில வெரலு வெளுத்திருச்சு. எனக்கு இருந்த பயம் பத்தாதுன்னு அவளையும் ஏத்திக்கிட்டுப் போறேன். தோப்புல பாதி லோடு போதும்னேன். அவ, “என்னைக்கும் ஏத்துறதை ஏத்துங்க. இல்லேன்னா எப்படித் தெரியும்?”னா.

எறக்கம் வந்துச்சு. கியரைக் கொறச்சேன். பாரம் பின்னால இருந்து தள்ளுது. ஓடைப்பாலம் தெரியுது. அவ கண்ணை மூடல. நான் மூடியிருப்பேன், ஓட்டுறவன் மூட முடியாது. சாமியெல்லாம் கும்புட்டுட்டு மிதிச்சேன்.

பிடிச்சுச்சு. நல்லாக் கவ்விப் பிடிச்சு, பாலத்துக்கு ரொம்ப முன்னாடியே நின்னுருச்சு.

நான் எறங்குறதுக்குள்ள அவ குதிச்சு, வண்டிக்கு அடியில நுழைஞ்சுட்டா. சக்கரத்து உள்பக்கம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையை விட்டுத் தடவுனா. வெரலை மோந்து பாத்தா. வெளிய வந்து எங்கிட்ட நீட்டுனா. வெறும் புழுதி.

“காஞ்சு கெடக்கு”ன்னு சொல்லும்போதுதான் ஓன்னு அழுதா. எனக்கும் வந்திருச்சு. எதுக்கு மறைக்கணும்?

பொறவு முந்தானை முடிச்சை அவிழ்த்தா. உள்ள ஒரு சின்ன டப்பா, அதுல சந்தனம். அதைக் கையில வச்சுக்கிட்டு வண்டியைச் சுத்திச் சுத்தி வாரா, எங்கயும் வைக்கப் பயப்படுதா. கண்ணாடிகிட்டப் போறா, கையை இழுத்துக்கிடுதா. பெடலைப் பாக்கா, வேண்டாம்னு திரும்புதா.

“எங்கங்க வைக்க?”ன்னா.

நான் குனிஞ்சு நெத்தியைக் காட்டுனேன். வச்சா. சந்தனம் கோணலாத்தான் விழுந்துச்சு. அதைத் தொடைக்காம தேங்காய் மண்டி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்.